நரம்பும் ஹார்மோனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் படிப்பு மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். நரம்பு மண்டலம் ஒரு பாடம், நாளமில்லாச் சுரப்பிகள் இன்னொரு பாடம் என்று பாடத்திட்டம் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக நன்றாகப் படித்துவிடுவார்கள். "ரெண்டும் சேர்ந்து எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும். வகுப்புக்கு வெளியே, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களின் சந்தேகமும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது.

ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். மருந்து மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரிடம் பேச வேண்டியவை. இங்கே இருப்பது "ஏன்" என்பதற்கான விளக்கம் மட்டுமே.

1. ஹார்மோன்னா என்ன? நரம்பு சேதி சொல்றதுக்கும் அது சொல்றதுக்கும் என்ன வித்தியாசம்?

நரம்பு காதோடு காதாகச் சொல்கிறது. ஒரு நரம்பு செல்லின் நீண்ட வால் வழியாக மின் துடிப்பு ஓடுகிறது. வால் முடியும் இடத்தில் ஒரு துளி ரசாயனம் வெளிப்பட்டு, அடுத்த செல்லைத் தொடுகிறது. நடுவில் உள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர்தான். சேதி அந்த ஒரு செல்லுக்கு மட்டும்.

ஹார்மோன் தண்டோரா போடுகிறது. சுரப்பி தன் ரசாயனத்தை ரத்தத்தில் விட்டுவிடும். அது உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எல்லா இடத்துக்கும் போகும். தண்டோரா எல்லார் காதிலும் விழுந்தாலும், சம்பந்தப்பட்டவர் மட்டும்தானே எழுந்து போவார்? அதுபோல, அந்த ஹார்மோனுக்கான ஏற்பி (அதைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) எந்த செல்லில் இருக்கிறதோ அது மட்டும் அசையும்.

2. ஹார்மோன்னு ஒன்னு இருக்குறதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? கண்ணுக்கே தெரியாதே?

சுவாரசியம் என்னவென்றால், அந்தக் கண்டுபிடிப்பே "இது நரம்பா, வேறு ஏதாவதா?" என்ற சண்டையில் பிறந்ததுதான். இரைப்பையின் அமிலம் சிறுகுடலுக்குள் இறங்கியதும் கணையம் சாறு சுரக்கிறது. குடலிலிருந்து கணையத்துக்கு நரம்பு வழியாகச் சேதி போகிறது என்றுதான் அப்போது நம்பினார்கள். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் குடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு, ரத்தக் குழாயை மட்டும் விட்டு, அதற்குள் அமிலம் ஊற்றிப் பார்த்தார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் கணையம் சுரந்தது.

அடுத்து குடலின் உள்தோலைச் சுரண்டி, அமிலத்தில் அரைத்து, வடிகட்டி ரத்தத்தில் ஏற்றினார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். "ஹார்மோன்" என்ற பொதுப்பெயரை ஸ்டார்லிங் 1905-இல் ஒரு சொற்பொழிவில் பயன்படுத்தினார். கிரேக்கத்தில் "தூண்டி எழுப்பு" என்று பொருள்.

3. ரெண்டுல எது வேகம்?

நரம்புதான். ஆனால் எல்லா நரம்பும் ஒரே வேகம் இல்லை. கொழுப்புறை போர்த்திய தடித்த நரம்பில் துடிப்பு நொடிக்கு 120 மீட்டர் வரை ஓடும். உறை இல்லாத மெல்லிய நரம்பில் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். முதலில் "சுரீர்" என்று ஒரு வலி. ஒரு கணம் ஒன்றுமில்லை. "அப்பாடா" என்று நினைப்பதற்குள் எரிச்சலோடு மந்தமான வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வலியும் ஒரே நேரத்தில்தான் கிளம்பின. வெவ்வேறு பாதையில் வந்ததால் முன்னும் பின்னுமாகச் சேர்ந்தன.

ரத்தம் உடலை ஒரு சுற்று சுற்றிவர ஓய்வில் சுமார் ஒரு நிமிடம் ஆகும். எனவே எந்த ஹார்மோனும் நரம்பை முந்த முடியாது. ஆனால் ஹார்மோனின் பலம் நீடிப்பில் இருக்கிறது. அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகக் குறையும். தைராய்டு சுரக்கும் தைராக்சின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

4. அப்போ ஒன்னு மட்டும் இருந்தா போதாதா?

சூட்டில் பட்ட கையை எடுக்க ரத்த ஓட்டத்தை நம்பிக் காத்திருக்க முடியாது. அதேபோல, பத்துப் பதினைந்து வருடம் ஒவ்வொரு எலும்புக்கும் "வளர், வளர்" என்று நரம்பு துடித்துக்கொண்டே இருக்கவும் முடியாது. அவ்வளவுதான்.

5. பிட்யூட்டரிதான் தலைமைச் சுரப்பின்னு படிச்சோம். ஹைபோதாலமஸ்தான் அதுக்கும் மேலன்னும் சொல்றாங்க. யாருதான் நிஜமான மேலதிகாரி?

பிட்யூட்டரி மூளைக்கு அடியில், எலும்பில் உள்ள ஒரு சிறு குழியில் உட்கார்ந்திருக்கும் அரை கிராம் சுரப்பி. தைராய்டு, அட்ரினல், சினைப்பை, விதைப்பை என எல்லாவற்றுக்கும் கட்டளை போவது அதிலிருந்துதான் என்பதால் தலைமைப் பட்டம் கிடைத்தது. ஆனால் அதற்கு மேலே, ஒரு காம்பு தூரத்தில், மூளையின் ஒரு சிறு பகுதியான, சில கிராம் மட்டுமே எடையுள்ள ஹைபோதாலமஸ் இருக்கிறது. பிட்யூட்டரி பெரும்பாலும் அது எழுதிக் கொடுப்பதில் கையெழுத்துப் போடும் ஆள்.

இந்தச் சுரப்பிக்கு இரண்டு பகுதிகள்; இரண்டும் பிறந்த வீடே வேறு. பின்பகுதி மூளையிலிருந்து கீழே இறங்கி வந்தது. ஹைபோதாலமஸில் உள்ள நரம்பு செல்களின் வால்கள்தான் அங்கே வந்து முடிகின்றன. முன்பகுதி, கருவில் வாயின் மேல்கூரையிலிருந்து மேலே ஏறிப் போய் ஒட்டிக்கொண்டது. அதற்கு மூளையிலிருந்து நேரடி நரம்புக் கட்டளை இல்லை. அதற்குப் பதிலாக, காம்பு வழியாக இறங்கும் ஒரு குட்டி ரத்தக் குழாய்ப் பின்னல் இருக்கிறது. ஹைபோதாலமஸ் அதில் துளித்துளியாகக் கட்டளை ரசாயனங்களை விடும். அளவு அவ்வளவு குறைவு என்பதால், கியமென், ஷாலி என்ற இருவரின் குழுக்கள் லட்சக்கணக்கான ஆட்டு, பன்றி மூளைத் துண்டுகளை அரைத்துத்தான் 1969-இல் முதல் ரசாயனத்தின் அமைப்பைக் கண்டார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது மூன்றே மூன்று அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்ன மூலக்கூறு. 1977-இல் இருவருக்கும் நோபல் பரிசு. பரிசுக்குப் போகும் வழியெல்லாம் ஒருவரோடொருவர் கடுமையாகப் போட்டிபோட்டுக்கொண்டார்கள் என்பது தனிக்கதை.

மேலதிகாரி யார் என்ற கேள்விக்கு வருகிறேன். ஹைபோதாலமஸும் தன்னிச்சையாக ஆடுவதில்லை. வெளிச்சம், பசி, பயம், உடல் சூடு, ரத்தத்தில் உள்ள உப்பின் அளவு, கீழிருந்து திரும்பி வரும் ஹார்மோன்கள் என எல்லாவற்றையும் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது. அதிகாரி என்பதைவிட, நரம்பு மொழியைக் கேட்டு ஹார்மோன் மொழியில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

6. ஹைபோதாலமஸ் நரம்பா, சுரப்பியா? பரீட்சையில எதுல எழுதணும்?

இரண்டிலும் எழுதுங்கள். அங்கே உள்ள சில செல்கள் சாதாரண நரம்பு செல் மாதிரியே மின் துடிப்பை அனுப்பும். ஆனால் வால் முனையில் ரசாயனத்தை அடுத்த செல்லிடம் கொடுக்காமல் ரத்தத்தில் ஊற்றிவிடும். தாய்ப்பாலை இறக்கும் ஆக்ஸிடோசினும், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசினும் இப்படித்தான் வெளிவருகின்றன. எர்ன்ஸ்ட் ஷாரர் 1928-இல் மீன் மூளையில் இப்படிப்பட்ட செல்களைப் பார்த்துச் சொன்னபோது பலர் நம்பவில்லை. நரம்பு செல் நரம்பு வேலை பார்க்கும், சுரப்பி செல் சுரக்கும் என்று கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோடு பாடப்புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

7. நார் அட்ரினலின் ஹார்மோன்னு ஒரு புத்தகத்துல இருக்கு, நரம்புக் கடத்தின்னு இன்னொன்னுல இருக்கு. எது தப்பு?

எதுவும் தப்பில்லை. ஒரு மூலக்கூறைக் கையில் வைத்துக்கொண்டு "நீ ஹார்மோனா?" என்று கேட்க முடியாது. நரம்பு முனையில் 20 நானோமீட்டர் இடைவெளியில் விழுந்தால் நரம்புக் கடத்தி. ரத்தத்தில் விழுந்தால் ஹார்மோன். பொருள் ஒன்றுதான், விழும் இடம்தான் வேறு.

இதற்கு நல்ல உதாரணம் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. அதன் உட்பகுதி அசலில் நரம்புத் திசுதான். அவசர காலத்தில் இயங்கும் பரிவு நரம்புகளின் குடும்பத்தில் பிறந்து, வால் வளராமலேயே நின்றுவிட்ட செல்கள் அவை. தண்டுவடத்திலிருந்து நரம்பு நேராக வந்து அவற்றைத் தட்டும்; வால் இல்லாததால் அவை ரத்தத்திலேயே கொட்டிவிடும். அதில் பெரும்பங்கு அட்ரினலின், மிச்சம் நார் அட்ரினலின்.

நரம்பு முனையில் ரசாயனம்தான் பேசுகிறது என்பதையே 1921-இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துத்தான் காட்டினார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் (மூளையிலிருந்து இதயம், குடல் வரை இறங்கும் நரம்பு) தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார், அதுவும் குறைந்தது. இந்தச் சோதனை கனவில் வந்தது என்றும், முதல் இரவு தூக்கக் கலக்கத்தில் கிறுக்கியதைக் காலையில் தன்னாலேயே படிக்க முடியவில்லை, மறுநாள் இரவு மீண்டும் அதே கனவு வந்தது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். மாணவர்களுக்கு என் பாடத்தில் வேறெது மறந்தாலும் இது மறப்பதில்லை.

8. பயந்த உடனே நெஞ்சு படபடக்குது, சரி. ஆனா ஆபத்து போன பிறகும் ஏன் கை நடுங்கிக்கிட்டே இருக்கு?

ஒரு நாள் சாலையைக் கடக்கும்போது ஒரு லாரி என்னை உரசிக்கொண்டு போனது. காலை எப்போது பின்னால் இழுத்தேன் என்றே தெரியாது. அது நரம்பு வேலை, ஒரு நொடிக்குள் முடிந்தது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கப் போனால் சாவி துவாரத்துக்குள் போகவே மாட்டேன் என்றது. மூன்று தடவை பக்கத்தில் குத்தினேன். லாரி போய் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

உடல் பயத்துக்கு மூன்று அலையாகப் பதில் சொல்கிறது. முதல் அலை நரம்பு: இதயம் உடனே வேகமெடுக்கும், கண்மணி விரியும். இரண்டாவது, அதே நரம்புகள் அட்ரினலைத் தட்டியதால் ரத்தத்தில் கொட்டிய அட்ரினலின். சில நொடிகளில் வேலையைத் தொடங்கும். இது பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம், மிச்சத்தில் பாதி குறைய இன்னும் இரண்டு மூன்று நிமிடம். "ஆபத்து போயாச்சு" என்று மூளைக்குத் தெரிந்தாலும், ஏற்கெனவே ரத்தத்தில் விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. என் சாவி தடுமாறியது அதனால்தான்.

மூன்றாவது அலை கார்டிசால். ஹைபோதாலமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லி, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதிக்குச் சொல்லி, அது தயாரித்து அனுப்ப வேண்டும். ரத்தத்தில் உச்சம் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதாவது நான் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்லும்போதுதான் கார்டிசால் உச்சத்தில் இருந்திருக்கும். "அப்புறமா களைப்பா இருக்கு" என்று சொல்கிறவர்களிடம் உடம்பு இப்போதுதான் கணக்கு முடிக்கிறது என்பேன்.

9. நரம்பையே துண்டிச்சுட்டா ஹார்மோன் மட்டும் வேலையைப் பாத்துக்குமா?

இந்தக் கேள்வியை ஒரு மாணவி கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் இதற்கு உயிருள்ள பதில் இருக்கிறது: மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்கள். அறுவையின்போது இதயத்துக்குப் போகும் நரம்புகள் வெட்டப்படுகின்றன. புது இதயம் தானாகவே துடிக்கும். ஆனால் மூளையோடு தொடர்பு இருக்காது.

ஓய்வில் அந்த இதயம் நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கும். சாதாரணமாக வேகஸ் நரம்பு பிரேக் பிடித்துத்தான் நம் இதயத்தை 70 பக்கம் வைத்திருக்கிறது. அங்கே பிரேக் இல்லை. அவர் மாடிப்படி ஏற ஆரம்பித்தால், நமக்குப் போல உடனே துடிப்பு கூடாது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து, ரத்தத்தில் அட்ரினலின் ஏறிய பிறகுதான் மெல்ல மெல்லக் கூடும். ஏறி முடித்து உட்கார்ந்தாலும் சட்டென்று இறங்காது; அட்ரினலின் வடியும் வரை வேகமாகவே ஓடும். அதனால்தான் இவர்களிடம் உடற்பயிற்சியை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கச் சொல்கிறார்கள். பலருக்கு வருடங்கள் போகப் போக நரம்பு கொஞ்சம் திரும்ப வளர்வதும் உண்டு.

ஹார்மோன் மட்டும் இருந்தால் வாழ்க்கை ஓடும், தாமதமாக ஓடும். கேள்விக்குப் பதில் அதுதான்.

10. கார்டிசால் கெட்ட ஹார்மோன்தானே? அதைக் குறைக்க ஏதாவது வழி சொல்லுங்களேன்.

இந்த எண்ணத்தை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை, ஆனால் நன்றாகப் பரவிவிட்டது. கார்டிசால் சுரக்காமல் போனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்து, சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகும். அடிசன் நோய் என்பது அதுதான். தினமும் காலையில் எழும் நேரத்தில் அது தானாகவே உயர்ந்து, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். காலையில் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து "ஐயோ, அதிகம்" என்று பயப்படுகிறவர்கள் ரத்தம் எடுத்த நேரத்தையும் பார்க்க வேண்டும்.

தொல்லை தருவது, இறங்க வேண்டிய நேரத்திலும் இறங்காத கார்டிசால். அதற்குத் தூக்கமும் ஓய்வும் உதவும். "கார்டிசாலைக் குறைக்கும்" என்று டப்பாவில் அடைத்து விற்பதை நான் வாங்க மாட்டேன்.

11. டி.எஸ்.எச். அதிகம்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஆனா டாக்டர் தைராய்டு குறைவா சுரக்குதுன்னு சொல்றார். எப்படி ரெண்டும் சரியாகும்?

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது அல்ல. தைராய்டைப் பார்த்து "சுர, சுர" என்று பிட்யூட்டரி போடும் சத்தம் அது. சுரப்பி ஒழுங்காக வேலை செய்தால் மெதுவாகச் சொன்னால் போதும். அது சுணங்கினால் சத்தம் கூடும். அதிகமாகச் சுரந்தால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும், டி.எஸ்.எச். ஏறக்குறைய காணாமல் போகும். கீழே உள்ளது மேலே உள்ளதை அடக்குவதைத்தான் பின்னூட்டம் என்கிறோம். இந்த அமைப்பில் ஒரே ஒரு எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வது எதற்கு என்றும் கேட்கிறார்கள். மூன்றாம் கேள்வியில் தைராக்சின் பாதியாகக் குறைய ஒரு வாரம் என்று சொன்னேன் அல்லவா? அவ்வளவு மெதுவான பொருள் புது அளவில் நிலைப்பட நான்கைந்து வாரம் பிடிக்கும். பத்து நாளில் பார்த்தால் பாதி வழியில் உள்ள எண்தான் கிடைக்கும்.

12. எனக்குப் பதட்டம், தூக்கமில்லை. அதுக்குப் போய் தைராய்டு டெஸ்ட் எதுக்கு?

தைராய்டு ஹார்மோன் கூடினால், அட்ரினலினுக்கான ஏற்பிகள் இதயம் போன்ற இடங்களில் கூடுகின்றன. ரத்தத்தில் அட்ரினலின் அதே அளவுதான். கேட்கும் காதுகள்தான் கூடிவிட்டன. விளைவு: படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. வெளியிலிருந்து பார்த்தால் பதட்ட நோயேதான். குறைந்தால் தலைகீழ்: மந்தம், மறதி, எதிலும் பிடிப்பின்மை, மனச்சோர்வு போலவே இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் பிரித்துவிடலாம் என்பதால் மருத்துவர் கேட்பது நியாயம்.

இதிலேயே கவனிக்க வேண்டிய இடம், பிறந்த குழந்தை. வளரும் மூளைக்குத் தைராய்டு ஹார்மோன் இல்லாமல் நரம்புகள் சரியாகப் பின்னிக்கொள்ளாது. பெரியவர்களுக்கு ஏற்படும் மந்தம் மாத்திரையில் சரியாகும். குழந்தையின் முதல் வாரங்களில் தவறவிட்டது பின்னால் முழுதாகத் திரும்பாது. இதைக் கண்டறியக் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்குக் குழந்தை அழுகிறதே என்று தயங்க வேண்டாம்.

13. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்றாங்க?

பதினொன்றாம் கேள்வியின் பின்னூட்டமேதான். ஸ்டீராய்டு மாத்திரை என்பது கார்டிசாலின் உறவினர். அதைச் சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டால், "ரத்தத்தில் நிறைய இருக்கிறதே" என்று ஹைபோதாலமஸும் பிட்யூட்டரியும் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். கட்டளை வராத அட்ரினல் சுருங்கிவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வெளியிலிருந்தும் இல்லை, உள்ளே சுரப்பதும் இல்லை. காய்ச்சல், விபத்து, அறுவை என்று ஏதாவது வந்தால் ஆபத்து. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சுரப்பிக்கு எழுந்து உட்கார நேரம் கொடுக்கிறார்கள்.

14. குழந்தை அழுற சத்தம் கேட்டாலே பால் கசியுது. ஆனா பதட்டமா இருந்தா குழந்தை சப்பினாலும் வரமாட்டேங்குது. இது என்ன மாயம்?

மாயம் இல்லை, நரம்பில் தொடங்கி ஹார்மோனில் முடியும் வளையம். குழந்தை சப்பும்போது மார்புக் காம்பின் நரம்பு முனைகள் தண்டுவடம் வழியாக ஹைபோதாலமஸுக்குச் சேதி அனுப்பும். ஆறாம் கேள்வியில் சொன்ன செல்கள் ஒன்றாகச் சேர்ந்து துடித்து ஆக்ஸிடோசினை ரத்தத்தில் விடும். அது மார்பை அடைந்து, பால் பைகளைச் சுற்றியுள்ள தசை போன்ற செல்களைச் சுருக்கும். குழந்தை சப்ப ஆரம்பித்ததும் பால் உடனே வராமல், அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துப் பாய்வதைத் தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். அந்தத் தாமதம் ரத்தத்தில் போகும் பயணம்.

சில நாள் பழகியதும் காம்பே தேவைப்படாது. அழுகைச் சத்தம், குழந்தையின் நினைப்புகூட ஹைபோதாலமஸைத் தட்டிவிடும். அதே மூளை பதட்டத்தில் இருந்தால் ஆக்ஸிடோசின் வெளியேறுவது தடைபடும். "பால் இல்லை" என்று பயந்தால் இறங்காது, இறங்காததால் பயம் கூடும். பால் உள்ளே இருக்கிறது, திறக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவர்கள் "இன்னும் வரலையா?" என்று கேட்காமல் இருந்தாலே பாதி சரியாகும்.

பால் *உற்பத்தி*க்கு வேறு ஹார்மோன்: புரோலாக்டின். பிட்யூட்டரி ஹார்மோன்களில் இது விசித்திரம். மற்றவற்றுக்கு ஹைபோதாலமஸ் பெரும்பாலும் "சுர" என்று சொல்லும். இதற்கு மட்டும் எந்நேரமும் டோபமின் என்ற ரசாயனத்தை அனுப்பி "சுரக்காதே" என்று அடக்கிக்கொண்டே இருக்கும். சப்பும்போது பிடி தளர்கிறது. பிட்யூட்டரியின் காம்பு அறுந்தால் மற்ற ஹார்மோன்கள் எல்லாம் விழ, புரோலாக்டின் மட்டும் ஏறுவதும், டோபமினைத் தடுக்கும் சில மனநல மருந்துகளால் குழந்தையே இல்லாதவர்களுக்கும் பால் கசிவதும் இதனால்தான்.

15. இருட்டினதும் தூக்கம் வர்றது கண்ணாலயா, மெலடோனினாலயா?

விழித்திரையில் பார்வைக்காக இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்க்கும் சில செல்கள் உண்டு. அவை ஹைபோதாலமஸில் உள்ள கடிகாரத்துக்குச் சொல்கின்றன. இரு பக்கமும் சேர்ந்து சுமார் 20,000 நரம்பு செல்கள்தான் அந்தக் கடிகாரம். அங்கிருந்து மெலடோனின் சுரக்கும் பினியல் சுரப்பி மூளைக்குள்ளேயே, மிகப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் சேதி நேராகப் போவதில்லை! மூளையை விட்டு இறங்கி, நெஞ்சு உயரத்தில் உள்ள தண்டுவடத்துக்குப் போய், வெளியேறி, கழுத்தில் ஒரு நரம்பு முடிச்சில் மாறி, மறுபடி தலைக்குள் ஏறுகிறது. பக்கத்து அறைக்குப் போக ஊரைச் சுற்றிவந்த மாதிரி. கழுத்துத் தண்டுவடம் முழுதாக அறுந்தவர்களுக்கு இரவு மெலடோனின் நின்றுபோவதற்குக் காரணம் இந்தச் சுற்றுவழி.

ஒரு திருத்தம்: மெலடோனின் "தூங்கு" என்று சொல்வதில்லை, "இரவாகிவிட்டது" என்றுதான் சொல்கிறது. இரவில் திரியும் எலிக்கும் அது இரவில்தான் சுரக்கிறது; எலி அதைக் கேட்டு வேலைக்குக் கிளம்புகிறது.

16. சர்க்கரை திடீர்னு குறைஞ்சா வியர்த்து நடுங்குது. பிரஷர் மாத்திரை மாத்தினதுல இருந்து அந்த நடுக்கம் தெரியறதே இல்லை. நல்லதுதானே?

நல்லதல்ல, மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நடுக்கமும் படபடப்பும் சர்க்கரைக் குறைவு நேரடியாகச் செய்வது அல்ல. சர்க்கரை இறங்குவதை மூளை கண்டு, எட்டாம் கேள்வியில் சொன்ன அதே அவசர நரம்புகளையும் அட்ரினலினையும் கிளப்புகிறது. கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளியேற்ற. கூடவே உங்களுக்கு எச்சரிக்கை மணியும் அடிக்கிறது.

பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் அட்ரினலினின் ஏற்பியை அடைத்துவிடும். மணி அடிக்கும், காதில் விழாது. ஆனால் வியர்வை மிஞ்சும். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு பேசுவது அசிட்டைல்கோலின் என்ற வேறொரு ரசாயனத்தில், அதை இந்த மாத்திரை தொடாது. எனவே இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். அடிக்கடி சர்க்கரை இறங்கி இறங்கிப் பழகியவர்களுக்கு, மாத்திரை இல்லாமலேயே மணி மங்கிப்போவதும் உண்டு.

17. மனநிலையோட சம்பந்தப்பட்டதுன்னு சொல்ற செரோட்டோனின் 90 சதவீதம் குடல்லதான் இருக்காமே? அப்போ குடலைச் சரிபண்ணா மனசு சரியாயிடுமா?

முதல் பாதி சரி. ஆனால் குடல் செரோட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. நடுவில் தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. குடலும் மூளையும் வேகஸ் நரம்பு வழியாகப் பேசிக்கொள்வது உண்மை. அதிலிருந்து "இதைக் குடித்தால் மனச்சோர்வு போகும்" என்று தாண்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

18. பையனுக்கு வயசு பதினேழு, இன்னும் குரல் உடையல. டாக்டர் "வாசனை தெரியுமா?"ன்னு கேட்டார். இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

மிகக் கூர்மையான கேள்வி கேட்டிருக்கிறார் அந்த மருத்துவர். பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் நரம்பு செல்கள் ஹைபோதாலமஸில் ஓராயிரம், ஈராயிரம்தான் இருக்கும். அவை பிறப்பது அங்கே அல்ல. கருவின் மூக்குப் பகுதியில் பிறந்து, வாசனை நரம்புகளின் பாதையைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் நடந்து போகின்றன. அந்தப் பாதை சரியாக அமையாவிட்டால் வாசனையும் தெரியாது, பருவமும் வராது. கால்மன் நோய்க்குறி என்று பெயர். சிகிச்சை உண்டு.

இந்த செல்களின் கட்டளை சொட்டுச் சொட்டாக, ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் போக வேண்டும். அதே ரசாயனத்தை இடைவிடாமல் கொடுத்தால் பிட்யூட்டரி காதைப் பொத்திக்கொள்ளும், பாலின ஹார்மோன்கள் விழும். புராஸ்டேட் புற்றுநோயிலும், மிகச் சிறு வயதில் பருவமடையும் குழந்தைகளுக்கும் இந்தத் தந்திரத்தைத்தான் மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள்.

19. என் பிரச்சினை நரம்பா ஹார்மோனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எந்த டாக்டர்கிட்ட போறது?

பொது மருத்துவரிடம் போங்கள். எந்தப் பக்கம் அனுப்புவது என்பது அவர் வேலை, ஏனென்றால் உடம்பு துறை பிரித்து நோய்வாய்ப்படுவதில்லை. பிட்யூட்டரியில் ஒரு சிறு கட்டி வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதற்கு நேர் மேலேதான் இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிடுகின்றன. கட்டி வளர்ந்து அங்கே அழுத்தினால் இரு பக்கவாட்டுப் பார்வையும் மங்கும். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே இருப்பார், கண்ணாடி மாற்றலாம் என்று கண் மருத்துவரிடம் போவார். அவர் பார்வைப் பரப்பை அளந்து பார்த்து, கண்ணில் கோளாறில்லை, தலையை ஸ்கேன் எடுங்கள் என்பார்.

அந்தக் கட்டி புரோலாக்டின் சுரக்கும் வகையாக இருந்தால், கத்தி வைக்காமலேயே பெரும்பாலும் மாத்திரையில் சுருங்கிவிடும். மாத்திரையின் வேலை டோபமினைப் போல நடிப்பது: பதினான்காம் கேள்வியில் ஹைபோதாலமஸ் எந்நேரமும் சொல்லிக்கொண்டிருந்த அந்த "சுரக்காதே".